சாம்பல் ஈன்ற மண்: யாவாத் தீவின் மேட்டுநிலங்கள் பற்றிய ஓர் ஆய்வு

இற்றைக்குச் சில ஆண்டுகளுக்கு முன்னர், நமது கல்லூரி மாணவனொருவன் 'மலைநாட்டின் வளம்' என்னும் பொருள்பற்றி எழுதிய கட்டுரையைத் திருத்திக்கொண்டிருந்தேன். 'எரிமலை சாம்பல் படிந்த மண்ணாதலின் நமது மலைநாட்டிலே தேயிலை செழித்து வளர்கின்றது' என்று அவன் எழுதியிருந்தான். 'எரிமலை' என்பதன்பின் மிகவேண்டிய சகர ஒற்றைச் சிவப்பு மையாற் சேர்த்து, ஓரத்தில் 'நன்று' எனவும் குறித்துவிட்டேன். ஆசிரியர் அறையில் அக்கொப்பி மேசைமேற் கிடந்தது. புவியியல் கற்பிக்கும் நண்பர் அதனைப் பார்த்துச் சிரித்து, "மாஸ்டர், ஒற்றுப் பிழையைத் திருத்தினீர்கள், உலகப் பிழையை விட்டுவிட்டீர்களே!" என்றார்.

அவர் கூறியது உண்மை. இலங்கையில் எரிமலை இல்லை. நமது மலைநாடு கேம்பிரியக் காலத்துக்கு முற்பட்ட மிகப் பழைய உருமாறிய பாறைகளால் ஆயது. அங்குள்ள செம்மஞ்சள் நிற மண், அப்பாறைகள் நெடுங்காலம் மழையாலும் வெயிலாலும் அழிந்து பெற்ற மண்ணாகும். தேயிலை அமில மண்ணை விரும்பும் பயிர். ஆதலின் அது நமது பழம்பாறை மண்ணிலும் வளரும். யாவாவின் எரிமலைச் சாம்பல் மண்ணிலும் வளரும். பயிர் ஒன்றாயிருத்தல் கண்டு மண்ணும் ஒன்றெனக் கொண்டது மாணவன் பிழை. அதற்கு 'நன்று' எனக் கையொப்பமிட்டது என் பிழை.

மறுநாள் வகுப்பில் என் பிழையை ஒப்புக்கொண்டேன். அம்மாணவன் எழுந்து, "அப்படியானால் உண்மையான சாம்பல் மண் எப்படி இருக்கும், சேர்? அது ஏன் அவ்வளவு வளமானது?" என்று வினவினான். விடை கூற இயலாது நின்றேன். அவன் இன்று பழைய மாணவர் வரிசையிற் சேர்ந்துவிட்டான். அவனுக்கு யான் இறுக்கவேண்டிய கடனே இக்கட்டுரை. மண்ணியல் என் துறையன்று. எனினும் கற்றுத் தெளிந்தவற்றை எளிய தமிழில் எடுத்துரைத்தல் தமிழாசிரியனுக்கும் உரிய பணியேயன்றோ?

1. பெயரும் பிறப்பும்

எரிமலைச் சாம்பலினின்று தோன்றும் மண்ணை அறிஞர் 'அந்தோசொல்' என வழங்குவர். யப்பானிய மொழியில் 'அன்' என்பது கருமை. 'தோ' என்பது மண். இரண்டாம் உலகப் போரின் பின்னர் யப்பானில் மண் அளவை நடத்திய அமெரிக்க அறிஞர், 1947ஆம் ஆண்டளவில் இப்பெயரை வழக்குக்குக் கொணர்ந்தனர். அமெரிக்க மண் வகைப்பாட்டிலே 'அந்திசொல்' என்னும் தனி வரிசையாக இது 1990ஆம் ஆண்டில் இடம்பெற்றது. பனிமூடாத உலக நிலப்பரப்பில் இம்மண் நூற்றுக்கு ஒரு பங்குக்கும் குறைவாகவே உள்ளது. அளவிற் சிறிதாயினும் இதனை நம்பி வாழும் மக்கள் தொகை மிகப் பெரிது.

'சாம்பல்' என்றவுடன் நமது அடுப்புச் சாம்பலை எண்ணிவிடலாகாது. அடுப்பிலுள்ளது எரிந்த விறகின் எச்சம். எரிமலைச் சாம்பலோ எதுவும் எரிந்ததனால் உண்டானதன்று. உருகிய பாறைக் குழம்பு வளிகளின் அழுத்தத்தால் வெடித்துச் சிதறி, வானிலே நொடிப்பொழுதிற் குளிர்ந்து பெற்ற தூளே அது. மெல்லக் குளிரும் குழம்பில் அணுக்கள் ஒழுங்காக அணிவகுத்துப் பளிங்குகளாகும். விரைந்து குளிர்வதில் அதற்கு அவகாசம் இல்லை. ஆதலால் சாம்பலின் பெரும்பகுதி கண்ணாடித் தன்மையாய் நின்றுவிடுகின்றது.

இக்கண்ணாடித் துகள் ஒழுங்கற்ற அமைப்புடையதாதலின் மழைநீரில் விரைந்து அழியும். அழியும்பொழுது சுண்ணம், மகனீசியம், பொற்றாசியம் முதலிய பயிருணவுகள் வெளிப்படுகின்றன. இவை மழையோடு கழுவுண்டு போவன. சிலிக்காவும் ஓரளவு கழிகின்றது. அலுமினியமும் இரும்பும் பெரிதும் எஞ்சி நின்று புதிய சேர்க்கைகளை உண்டாக்குகின்றன. இச்சேர்க்கைகளே இம்மண்ணின் சிறப்பியல்புகள் அனைத்துக்கும் வேர்.

அயனமண்டலத் தீவுகளில் இம்மண் மேட்டுநிலங்களில் மிகுதியாகக் காணப்படுவது ஏன் எனும் வினா இங்கு எழும். ஆயிரம் மீற்றர் ஏறினால் வெப்பம் ஏறக்குறைய 6 பாகை குறையும். யாவாவின் உயர்ந்த சரிவுகளிலே குளிர்ச்சியும் முகிலும் ஈரமும் நீங்காதிருத்தலின், முதலில் தோன்றிய ஒழுங்கற்ற கனிப்பொருள்கள் நெடுங்காலம் அவ்வாறே நிலைபெறுகின்றன. கீழே வெம்மையும் வறட்சியும் மிக்க நிலத்தில் அதே சாம்பல் நாளடைவில் வேறு களிமண்ணாக மாறிவிடும். ஆதலின் ஒரே மலையின் உச்சிப் பக்கத்திற் கருமண்ணையும், அடிவாரத்திற் செங்கபில மண்ணையும் காணலாம். தாய் ஒருத்தி, வளர்ந்த வீடு வேறு.

2. உள்ளமைப்பு

நாம் அறிந்த களிமண்களின் துகள்கள் தாள்களை அடுக்கியதுபோன்ற தட்டை வடிவின. சாம்பல் மண்ணில் மிகுந்துள்ள 'அலோபேன்' என்னும் பொருளோ உட்குழிவான நுண்ணுருண்டைகளால் ஆயது. அவ்வுருண்டையொன்றின் விட்டம் ஒரு மில்லிமீற்றரின் பத்து இலட்சத்தில் நான்கைந்து பங்கு அளவே. 'இமோகொலைற்று' என்னும் மற்றொரு பொருள் நுண்குழல் வடிவினது. தென் யப்பானின் சாம்பல் நிலமொன்றில் எடுத்த மண்ணிலிருந்து யோசினாகா, அவோமினே என்னும் அறிஞர் இருவர் 1962ஆம் ஆண்டில் இதனை முதன்முதல் விளக்கினர்.

உருண்டையும் குழலும் உள்ளே வெறுமையாதலின், இவற்றின் புறப்பரப்போடு உட்பரப்பும் கணக்கிற் சேரும். ஒரு கிராம் அலோபேனின் பரப்பு பலநூறு சதுர மீற்றராகும். சிறு தேக்கரண்டியளவு பொருளுள் ஒரு விளையாட்டரங்கின் தளம் ஒடுங்கியிருக்கின்றது எனலாம். அப்பரப்பெல்லாம் நீரையும் உப்புக்களையும் பற்றும் கைகள்.

மூன்றாவது பொருள் மக்கிய இலைதழைகளின் சாரமாகிய சேதனப் பொருள். இம்மண்ணிலுள்ள அலுமினியம் அதனை இறுகப் பிணித்துக்கொள்வதால், நுண்ணுயிர்கள் அதனை எளிதில் உண்டு அழித்தல் இயலாது. வெப்ப நாடுகளில் இலைதழை விரைவில் மக்கி மறைவதே வழக்கம். இங்கோ அது ஆண்டாண்டாகச் சேர்ந்து மேன்மண்ணைக் கருமையாக்குகின்றது. இம்மண் கருநிறம் பெற்றமைக்குக் காரணம் சாம்பலன்று, சாம்பல் காத்து வைத்த இலைச்செல்வமே என்பதை மாணவர் மனங்கொள்க.

3. கையாற் கண்டறியும் இயல்புகள்

முதலாவது, இம்மண் மிக இலேசானது. உலர்ந்த சாதாரண மண் ஒரு கன சென்ரிமீற்றர் ஒரு கிராமுக்குச் சற்று மேற்பட்ட எடையுடையது. சாம்பல் மண்ணோ பெரும்பாலும் 0.9 கிராமுக்குக் குறைவு, 0.5 கிராமளவில் இருப்பதும் உண்டு. அதன் கனவளவில் முக்காற்பங்கு வரையும் நுண்ணிடைவெளியே. வேர்கள் தடையின்றி ஆழ இறங்கும். மண்வெட்டி எளிதிற் பாயும்.

இரண்டாவது, ஈரமண்ணை இரு விரல்களிடையே வைத்துத் தேய்த்தால் வெண்ணெய்போல் வழுக்கும். அழுத்தும்பொழுது திடீரென நீர் கசிந்து மண் குழம்பாகும். அழுத்தத்தை நீக்கிச் சற்றே விட்டுவைப்பின் மீண்டும் இறுகும். தன் உலர்ந்த எடைக்கு ஒத்த நீரையும் அதனின் மிக்க நீரையும் தாங்கவல்ல மண் இது. பெருமழை பெய்யினும் நீர் மேலே ஓடாது உள்ளே இறங்கும். மழை நின்றபின் சிறிது சிறிதாக ஊற்றுக்களாய் வெளிப்படும். மலைமேல் ஒரு குளம் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கின்றது என்று கூறினும் மிகையாகாது.

மூன்றாவது இயல்பே யாவற்றிலும் கருதத்தக்கது. சாதாரணக் களிமண் காய்ந்து வெடித்தாலும், நீரூற்றினால் மீண்டும் களியாகும். குளத்து மண் கோடையில் வெடித்து மாரியில் மீள்வதை நாம் ஆண்டுதோறும் காண்கின்றோம். சாம்பல் மண் அத்தகையதன்று. ஒருமுறை முற்றக் காய்ந்துவிட்டால் அதன் நுண்ணுருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கடினமான சிறு மணிகளாகிவிடும். பின்னர் எத்துணை நீர் ஊற்றினும் பழைய மென்மையும் நீர்தாங்கும் ஆற்றலும் திரும்ப வருவதில்லை. ஆய்வுசாலையிலும் இம்மண்ணை ஈரத்தோடேயே ஆராய்தல் வேண்டும். காயவைத்து ஆராய்ந்தால் களியை மணலென்று காட்டித் தவறான கணக்கைத் தந்துவிடும்.

விஞ்ஞான மாணவர்க்கு ஒரு சோதனையும் கூறுவேன். நியூசிலாந்து அறிஞர் பீல்டிசு, பெரற்று என்போர் 1966ஆம் ஆண்டில் வெளியிட்டது அது. பினோத்தலீன் தோய்த்த வடிதாளில் சிறிது மண்ணை வைத்துச் சோடியம் புளோரைட்டுக் கரைசலைச் சில துளி விடுக. அலோபேன் உண்டாயின் தாள் விரைவிற் செந்நிறமாகும். அலுமினியத்தோடு சேர்ந்திருந்த ஐதரொட்சைட்டைப் புளோரைட்டு வெளியேற்றுதலே அதற்குக் காரணம். ஆயினும் சுண்ணாம்பு கலந்த மண்ணும் இவ்வாறு சிவக்கும். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் மண்ணில் இதனைச் செய்துவிட்டு, 'கண்டேன் எரிமலையை' என்று எவரும் ஓடிவரற்க! சோடியம் புளோரைட்டு நஞ்சாதலின் ஆசிரியர் முன்னிலையிலன்றி இதனைத் தொடுதலும் ஆகாது.

4. பூட்டிய பெட்டகம்

இனி, 'ஏன் அவ்வளவு வளமானது?' என்னும் வினாவுக்கு வருவோம். விடை ஒரே சொல்லில் அடங்காது. புதிய சாம்பலிற் பயிருணவுகள் பல உள்ளன என்பது மெய். நீரும் காற்றும் வேரும் ஒருங்கே இடம்பெறும் அமைப்பு இம்மண்ணில் உண்டென்பதும் மெய். ஆனால் பயிருக்கு இன்றியமையாத பொசுபரசு விடயத்தில் இம்மண் பெரும் உலோபி.

அலோபேனும் அலுமினியமும் இரும்பும் பொசுபேற்றைக் கண்டவுடன் இறுகப் பற்றிக்கொள்ளும். கரைசலொன்றில் உள்ள பொசுபேற்றில் நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் பற்றிக்கொள்ளும் தன்மையையே இம்மண்ணின் இலக்கணங்களுள் ஒன்றாக அறிஞர் வகுத்துள்ளனர். விவசாயி இடும் உரத்திற் பெரும்பகுதி மண்ணுக்கே போய்விடுகின்றது. அவ்வாண்டுப் பயிருக்குக் கிடைப்பது சிறு பங்கே. பெட்டகம் நிறையச் செல்வம் உண்டு. திறவுகோல் வேரின் கையில் இல்லை.

திறக்கும் வழிகளும் இல்லாமலில்லை. உரத்தை நிலமெங்கும் தூவாது வேரருகே கோடாக இட்டால், அது மண்ணைத் தொடும் பரப்புக் குறையும். மக்கிய எருவை இட்டால், அதிலுள்ள சேதன அமிலங்கள் மண்ணின் பற்றும் இடங்களிற் சிலவற்றைத் தாம் பிடித்துக்கொண்டு பொசுபேற்றை விடுவிக்கும். வேரோடு கூடிவாழும் பூஞ்சணங்களும் தம் நுண்ணிழைகளால் தொலைவிலுள்ள பொசுபரசைத் தேடிக் கொணரும். அமிலம் மிக்கவிடத்துச் சுண்ணாம்பு இட்டால், சுண்ணம், பொற்றாசியம் போன்றவற்றைத் தாங்கும் மண்ணின் ஆற்றலும் உயரும். சுருங்கச் சொன்னால், இம்மண்ணில் உரத்தின் அளவினும் உரமிடும் அறிவே பெரிது.

சாம்பல் வீழ்ந்தவுடன் வளம் வந்துவிடும் என்பதும் தவறான எண்ணம். 2014ஆம் ஆண்டு மாசி மாதத்திலே கிழக்கு யாவாவின் கெலூட்டு மலை வெடித்தபொழுது, சாம்பல் தொலைதூரம் வரை பரவி விமான நிலையங்களும் மூடப்பட்டன. புதுச்சாம்பல் இலைகளை மூடும், பயிரை முறிக்கும், மழை பட்டால் நிலத்தின்மேற் பொருக்காக இறுகி நீரையும் தடுக்கும். அதன் நன்மை, உழவர் அதனை மண்ணோடு கலந்து, மழை அதனைக் கரைத்த பின்னரே வெளிப்படும். முதிர்ந்த கருமண்ணாவதற்கோ தலைமுறைகள் பல வேண்டும். அதனை ஈனும் மலை உயிர்களையும் கொள்வது. கெலூட்டு 1919ஆம் ஆண்டில் வெடித்தபொழுது சேற்றுப் பெருக்கினால் ஏறக்குறைய 5000 மக்கள் மாண்டனர். 2010ஆம் ஆண்டில் மெராப்பி மலை வெடித்தபொழுது 300க்கு மேற்பட்டோர் இறந்தனர். எனினும் மக்கள் அச்சரிவுகளுக்கே மீண்டனர்.

சாம்பலின் குணமும் எங்கும் ஒன்றன்று. யாவா மலைகளின் சாம்பல், சுண்ணமும் மகனீசியமும் மிக்க வகையினது. ஏறக்குறைய 74,000 ஆண்டுகளுக்கு முன் சுமாத்திராவின் தோபா மலை கக்கிய சாம்பலோ சிலிக்கா மிக்கது, பயிருணவு குறைந்தது. யாவாவில் ஆய்வு நடத்திய ஒல்லாந்த மண்ணியலறிஞர் மோர் என்பார், மக்கள் தொகையின் நெருக்கத்துக்கும் எரிமலை மண்ணின் இயல்புக்கும் உள்ள தொடர்பை 1938ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார். 2020ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி இந்தோனேசிய மக்கள் 27 கோடியரில் பாதிக்கு மேற்பட்டோர் யாவாவிலேயே வாழ்ந்தனர். அத்தீவோ நாட்டின் நிலப்பரப்பில் நூற்றுக்கு 7 பங்களவே. அவர்களிற் பெரும்பாலார் வாழ்வது தாழ்நிலத்திலாயினும், அந்நெல்வயல்களுக்குப் பாயும் நீரைத் தேக்கிவைத்து அளந்து விடுவது மேட்டுநிலத்துச் சாம்பல் மண்ணேயாம்.

5. தியெங் மேட்டுநிலம்

இதுவரை கூறிய இயல்புகள் அனைத்தையும் ஓரிடத்திற் காட்டவல்லது நடு யாவாவிலுள்ள தியெங் மேட்டுநிலம். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2000 மீற்றர் உயரத்திலே, கொதிசேற்றுக் குழிகளும் கந்தகப் புகையும் வண்ண ஏரிகளும் சூழ்ந்த இடம் அது. தெய்வங்களின் உறைவிடம் எனும் பொருள்படுவது அதன் பெயர். கி.பி. 7ஆம், 8ஆம் நூற்றாண்டுகளையொட்டி எழுந்த சிறு சிவாலயங்கள் எட்டு அங்கு இன்றும் நிற்கின்றன. யாவாவின் மிகப் பழைய இந்துக் கோயில்களுள் அவை அடங்கும். அருச்சுனன், வீமன், கடோற்கசன் முதலிய பாரத மாந்தர் பெயர்களைப் பிற்காலத்தார் அவற்றுக்கு இட்டு வழங்குகின்றனர். அக்கோயில்களின் கல்லும் எரிமலைக் கல்லே. பாறைக் குழம்பு இறுகிக் கல்லானபோது கோயிலாயிற்று. சிதறித் தூளானபோது மண்ணாயிற்று.

இம்மேட்டுநிலத்தின் கருமண்ணிலே 1980களிலிருந்து உருளைக்கிழங்குச் செய்கை பெருகியது. குளிர்ந்த காற்றும் இலேசான மண்ணும் கிழங்குக்கு ஏற்றவை. உழவர் கையிற் பணம் புழங்கிற்று. பிள்ளைகள் உயர்கல்வி பெற்றனர். புதிய வீடுகள் எழுந்தன. இந்நன்மையை மறைத்துப் பேசுதல் நேர்மையன்று. ஆனால் கிழங்கு நீர் தேங்கினால் அழுகும். ஆதலின் நீர் விரைந்து வடியும்படி வரம்புகளைச் சரிவின் குறுக்கே கட்டாது, சரிவு நோக்கி நெடுக்கே அமைத்தனர். மேலும் மேலும் நிலம் தேடிச் செங்குத்தான சரிவுகளிலிருந்த காட்டையும் வெட்டினர்.

நிழல் நீங்கிய சரிவில் வெயில் நேரே விழுகின்றது. வறண்ட மாதங்களின் இரவிலோ அங்கு உறைபனியும் விழும்; பயிரைக் கருக்கும் அதனை அவ்வூரார் 'நச்சுப் பனி' என்பர். போர்வையிழந்த மேன்மண் காய்கின்றது. காய்ந்தால் நிகழ்வதை முன்னரே கண்டோம்: மண் மணியாகின்றது. நீரை உட்கொள்ளாத, மிக இலேசான அம்மணிகளை முதன் மழையே அள்ளிச் செல்கின்றது. முன்பு மழையை விழுங்கிய மலை, இப்பொழுது மழையோடு தானும் ஓடுகின்றது. சேராயு ஆறு இம்மேட்டுநிலத்தில், வீமன் பெயர்கொண்ட ஊற்றொன்றிலே பிறப்பது. அவ்வாறு கொணர்ந்த மண், கீழேயுள்ள மிறிச்சா நீர்த்தேக்கத்தை ஆண்டுதோறும் தூர்த்து வருகின்றது. மேலே உழவன் இழந்தது கீழே மின்னிலையத்துக்கும் வயலுக்கும் இடராய் முடிகின்றது.

இழந்ததை ஈடுசெய்ய உழவர் கோழி எருவையும் செயற்கை உரத்தையும் மூடை மூடையாக இடுகின்றனர். எரு நல்லதே, ஆயினும் மண்ணே ஓடிவிடும் சரிவில் எரு எங்கே தங்கும்? பரிகாரம் அறியப்படாததன்று. வரம்பைச் சரிவுக்குக் குறுக்கே அமைத்தல், அதனோரத்தில் புல்லும் செடியும் வளர்த்தல், அறுவடைக்குப்பின் தழையால் நிலத்தை மூடுதல், செங்குத்தான பகுதியை மரத்துக்கே விட்டுவிடுதல் என்பன அவை. எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றே: சாம்பல் மண்ணை வெறுமையாய் வெயிலிற் கிடக்க விடலாகாது. ஆனால் கடன்பட்டு விதைக்கிழங்கு வாங்கிய ஏழை உழவனிடம் 'ஒரு போகத்தைக் குறைத்துக்கொள்' என்பது சொல்லுதற்கு எளிது. விலையும் கடனும் அவனை விரட்டும்வரையும் அறிவுரை மட்டும் போதாது என்பதையும் நாம் உணர்தல் வேண்டும்.

6. முடிவுரை

யாவாவைப் பழந்தமிழர் அறிந்திருந்தனர். மணிமேகலைக் காப்பியம் கூறும் சாவக நாட்டை யாவாவோடு பொருத்துவாருளர். அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபியைக் கையிலேந்திய ஆபுத்திரன், மழையின்றிச் சாவக நாடு பசியால் வாடுவதைக் கேட்டே கப்பலேறினான் என்பது அக்கதை. சாம்பல் மண்ணையும் மக்கள் அத்தகைய ஓர் அமுதசுரபியாகவே எண்ணிவந்தனர். யானும் ஒருநாள் அவ்வெண்ணத்துக்கு 'நன்று' என எழுதினேன்.

அது அமுதசுரபியன்று. நீரைத் தாங்கும், காயவிட்டால் தாங்காது. செல்வத்தைச் சேர்க்கும், அறிந்து கேட்டாலன்றிக் கொடாது. மலை அழித்துத் தந்ததைக் காடு நூற்றாண்டுகளாகப் பதப்படுத்திற்று; அதனைக் கெடுப்பதற்குச் சில கோடைகளே போதும். நமது மலைநாட்டு மண் வேறு வகையினதே. ஆயினும் சரிவிலுள்ள மண் போர்வையிழந்தால் ஆற்றோடு போகும் என்னும் விதி இரண்டுக்கும் பொது.

என் மாணவனே! நீ கேட்ட வினாவுக்கு விடை இது. காலந்தாழ்த்தித் தந்தமைக்குப் பொறுத்தருள்க. கட்டுரையில் ஒற்றுப் பிழை காணின் என்னிடம் வருக. உலகப் பிழை காணின், முன்போலவே எழுந்துநின்று கேட்க.